மெதுவாகப் போகிற டார்பிடோ

ஜூன் 11, புதன்

என் காவல் கப்பல் போய்விட்டது. அப்பாவின் டார்பிடோ மூன்றே நகர்வில் வந்து நடுவில் அடித்தது. நெருப்பைக் கக்கிக்கொண்டு வந்ததால் தூரத்திலேயே தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? விலகலாமா, சுடலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது.

வரைபடத் தாளில் கப்பல் இருந்த கட்டத்தைப் பெருக்கல் குறியால் அடித்தேன். பென்சில் முனை உடைந்தது. சீவுவதற்கு எழுந்து போக அலுப்பு. பேனாவால் முடித்தேன்.

பள்ளி விட்டு வந்து நான்கு மாடி ஏறியிருந்தேன். லிஃப்ட் இந்த மாதமும் ஓடவில்லை. கையில் தண்ணீர் கேன் வேறு. அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடியும் முன்பே போய்விட வேண்டும். பகலில் வந்து கொஞ்சம் தூங்குவாள். மாலையில் மறுபடி அங்கேயே போய் முடிவுகளை அச்சடிப்பாள். ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் ஒருவரையொருவர் பெரும்பாலும் தூங்கும்போதுதான் பார்க்கிறோம்.

சாயங்காலம் அப்பாவின் குரல்செய்தி வந்தது. பின்னால் இயந்திர இரைச்சல்.

"என்ன கமாண்டர், காவல் கப்பலைக் காணோமே? காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா? நான் அப்பவே சொன்னேன்ல, அடிச்சா ஒரே அடி. யோசிச்சுக்கிட்டு நின்னா இப்படித்தான்."

நாக்கைத் துருத்துகிற படம் ஒன்றை அனுப்பினேன். இத்தனை புத்தகம் படிக்கிற பெண்ணுக்கு இதைவிட நல்ல பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

ஜூன் 12, வியாழன்

வேதியியல் தேர்வு. ஆட்டத்தில் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

ஜூன் 14, சனி

இன்று விடுமுறை. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்து விதிகளை முதலிலிருந்து படித்தேன். நானே எழுதிய விதிகள். படிக்கப் படிக்க, அப்பா ஏன் எப்போதும் ஜெயிக்கிறார் என்று புரிய ஆரம்பித்தது.

போன முறை அப்பா வந்தபோதுதான் இந்த ஆட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கினோம். அவர் வெகுதூரத்தில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் பம்பு ஃபிட்டர். வருஷத்துக்கு ஒரு முறை வருவார். அந்த முறை வந்த அன்று பிடித்த மழை கிளம்பும் வரை விடவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்து இருந்து சலித்துப்போய், "உன் புத்தகத்துல வர்ற விண்வெளிச் சண்டையை நாமளே போட்டா என்ன?" என்றார்.

இருவரும் ரகசியமாக நகர்த்த வேண்டும். அதனால் நடுவர் ஒருவர் வேண்டும். என் வகுப்புத் தோழியைப் பிடித்தோம். ஜன்னலோர இடம் யாருக்கு என்பதிலிருந்து எல்லாச் சண்டைக்கும் தீர்ப்பு சொல்வதால் அவளை நாங்கள் நீதிபதி என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவின் நகர்வு அவளுடைய அம்மாவின் போனுக்குப் போகும். அந்த ஆன்ட்டிக்கு இப்போது விண்வெளிப் போர் நிலவரம் எல்லாம் அத்துப்படி. என்னை மாடிப்படியில் பார்த்தால் "என்னம்மா, இன்னும் உயிரோடதான் இருக்கியா?" என்று கேட்கிறார்.

முதல் நாளே நீதிபதி ஆட்சேபித்தாள். "தண்ணியே இல்லாத இடத்துல டார்பிடோ எப்படிடி?"

"கப்பல்னு சொன்னப்ப மட்டும் தண்ணி இருந்துச்சா?"

கொஞ்சம் யோசித்து, "ஆட்சேபணையை நானே வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள்.

விதி இதுதான். ஒவ்வொரு டார்பிடோவுக்கும் பத்துத் துளி எரிபொருள். ஒரு துளி எரித்தால் வேகம் ஒரு கட்டம் கூடும், ஒரு நகர்வில் வேகத்துக்கு மூன்று துளிக்கு மேல் எரிக்கக் கூடாது. எரிக்கிறபோது சுடர் அந்தப் பக்கம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். எரிக்காமல் இருந்தால் அது குளிர்ந்த இரும்புத் துண்டு, பக்கத்தில் வரும்வரை யாருக்கும் தெரியாது. திரும்புவதற்கும் எரிபொருள் வேண்டும், இருக்கிற வேகத்தில் பாதி.

அப்பா எட்டுத் துளியை முதல் மூன்று நகர்விலேயே எரித்துவிடுவார். டார்பிடோ எட்டுக் கட்ட வேகத்தில் பாயும். பீரங்கி எல்லைக்குள் வந்தால் சுட எனக்கு ஒரே ஒரு வாய்ப்புதான், அதற்குள் தாண்டிவிடும். ஆனால் மிச்சம் இரண்டே துளி. அந்த வேகத்தில் திரும்ப நான்கு வேண்டும். ஆக, அதனால் திரும்பவே முடியாது! நான் ஒரே ஒரு கட்டம் விலகியிருந்தால் போதும். இத்தனை நாள் அதன் சுடரைப் பார்த்துப் பயந்தே செத்திருக்கிறேன்.

மெதுவானதற்கு வேறு தொல்லை. இரண்டு கட்ட வேகத்தில் போனால் யாருக்கும் தெரியாது, எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். ஆனால் போய்ச் சேர நாளாகும். அதுவரை எதிரி ஒரே இடத்தில் இருப்பானா? இருந்தாலும் அடி பலமாக விழாது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் பலம் நான்கு மடங்கு என்று இயற்பியல் டீச்சர் சொன்னதை நான்தான் ஆர்வக்கோளாறில் விதியில் சேர்த்தேன். எட்டின் பலம் அறுபத்து நான்கு. இரண்டின் பலம் நான்கு. அப்பாவின் தலைமைக் கப்பலின் உறுதி ஐம்பது. நாலு என்றால் கொசு கடித்த மாதிரி.

அப்படியென்றால் மெதுவாகப் போய், குளிர்ந்தபடியே கிட்டே போய், கடைசியில் எல்லாவற்றையும் எரிக்க வேண்டும்.

யோசித்தேன். கண் எரிந்தது. துணி காய்ந்திருந்தது, எடுத்து மடித்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

விட்டுவிட்டேன். இரண்டு துளி மட்டும் எரித்து, அப்பா என் பக்கம் பார்க்காத மூலையிலிருந்து. போய்ச் சேர இரண்டு வாரமாகும். நீதிபதி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு நீ அவருக்குப் பார்சல் அனுப்பியிருக்கலாம்."

ஜூன் 18, புதன்

இன்று தெரிந்துகொண்டதை எழுதிவைக்க வேண்டும்.

அப்பாவின் ஒப்பந்தம் அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். ஜூலை பத்துக்குள் சொல்ல வேண்டுமாம். அம்மாதான் சொன்னாள். அதுவும் எனக்குச் சொல்லவில்லை, இஸ்திரி போட்டபடி போனில் சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன முடிவு என்று சித்தி கேட்டிருக்க வேண்டும். "எனக்கென்ன தெரியும்? அவர் வாயைத் திறந்தாத்தானே" என்றாள்.

இரண்டு வருஷம் என்றால் நான் பள்ளி முடித்திருப்பேன்.

எனக்கு அவர் வர வேண்டும். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஏன் என்று தெரியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது. ஆனாலும் வர வேண்டும். நான்கு மாடி ஏறி வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 19, வியாழன்

நீதிபதியிடம் சொன்னேன். உணவு இடைவேளையில், கைகழுவும் இடத்தில்.

"நேரா கேட்டுடு. 'அப்பா, வாங்க'ன்னு. ரெண்டு வார்த்தை."

"நேரா கேட்டா தூரத்துலயே தெரிஞ்சுடும்டி. ஜோக் அடிச்சு நகந்துடுவார். அவரைத் தெரியாதா உனக்கு?"

"எனக்கு அவரோட நகர்வுதான் தெரியும். அதுல அவர் நகர்றதே இல்லையே, தலைமைக் கப்பல் அப்படியே கிடக்கு." உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ. நான் எதுவும் சொல்லலை. நடுவர் எதுவும் சொல்லலை."

நான் கேட்காத மாதிரி இருந்தேன். உண்மையிலேயே கேட்காத மாதிரி இருக்க முயன்றேன் என்று எழுதுவதுதான் சரி.

ஜூன் 20, வெள்ளி

மெதுவாக ஆரம்பித்திருக்கிறேன். போனில் அப்பாவிடம், நம் ஜன்னல் கொக்கி கழன்றுவிட்டது, காற்று அடித்தால் தடதட என்கிறது, நீங்கள் இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன்.

"கீழ்வீட்டுல ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கு. ரெண்டு சுத்து. அவ்ளோதான்."

லிஃப்ட் ஓடவில்லை என்றேன்.

"காலுக்கு நல்லது கமாண்டர்."

தொடவே இல்லை. கொசு கடித்த மாதிரிகூட இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றும்.

மதியம் அப்பா கூப்பிட்டார். போனை மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். வாரத்தில் அன்று ஒரு நாள்தான் அவளுக்குத் தலை வார நேரம். நான் மறுபடியும் ஜன்னல், கொக்கி என்று ஆரம்பித்தேன். அப்பா சிரித்தார். "என்ன, கமாண்டர் என்னை ஊருக்கு வரச் சொல்லி உத்தரவு போடுறாங்களா?" என்றார். விளையாட்டாகத்தான். ஆனால் சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்தினார். நான் கவனித்தேன். அந்த ஒரு நொடியில் நான் "ஆமா" என்று சொல்லியிருக்கலாம்.

அம்மா சொன்னாள், சீப்பை நிறுத்தாமலே: "வந்து என்ன பண்ணப் போறீங்க? இந்த வீட்டுல எந்த சுவிட்ச் எதுக்குன்னுகூட உங்களுக்குத் தெரியாது. நாங்க பாட்டுக்கு இருந்து பழகிட்டோம்."

 பிறகு அப்பா, "சரி. வேலைக்கு நேரமாச்சு" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலையே கிடையாது.

என்னம்மா இப்படிச் சொல்லிட்டே... ஏன்மா... கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவள் சீப்பிலிருந்த முடியை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள், உருட்டி முடித்த பிறகும்.

"வாயில வந்துடுச்சுடி," என்றாள். என்னிடமா, சீப்பிடமா, தெரியாது. அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 23, திங்கள்

அப்பா நகர்வு அனுப்பவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்றும் இல்லை. அவர் அனுப்பாதவரை ஆட்டம் நிற்கும் என்று நீதிபதியின் தீர்ப்பு. அதனால் என் டார்பிடோவும் நடுவழியில் அந்தரத்தில் நிற்கிறது. உண்மையான விண்வெளியில் எதுவும் இப்படி நிற்காது. வரைபடத் தாளில் மட்டும்தான் நிற்கும்.

வரலாற்று வகுப்பில் கண்ணைத் திறந்தபடியே தூங்கினேன். இது எனக்கு வரும் என்று தெரியாது.

ஜூன் 26, வியாழன்

பள்ளியிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மூன்று செய்திகள் அனுப்பினேன். ஒன்றன்பின் ஒன்றாக. மெதுவாவது, குளிர்ந்தாவது... எல்லாம் போச்சு. பொறுமை தீர்ந்துவிட்டது.

முதலில், ஒன்று ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பதைச் சொல்லாமல், அவரை ஆட்டத்துக்குள் இழுக்கலாம் என்று: "அப்பா, என்னோட கடைசி டார்பிடோ இன்னும் கைலதான் இருக்கு. விடட்டுமா?"

பதில் இல்லை. அடுத்து: "அம்மா சொன்னதை மனசுல வச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

பதில் இல்லை. அடுத்து: "கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

இருட்டுகிற நேரத்துக்குப் பதில் வந்தது. ஒரே சொல்.

"விடு."

விடு. எதை? டார்பிடோவையா? அப்படியென்றால் என்னைச் சீண்டுகிறார், கோபம் போய்விட்டது. அம்மா சொன்னதையா? அப்படியென்றால் அதைப் பேசாதே என்கிறார், கோபம் போகவில்லை. ஒப்பந்தத்தையா? விடு என்றால் அதைப் பற்றிக் கேட்காதே என்றா, இல்லை அதை விட்டுவிட்டேன் என்றா? விட்டுவிட்டேன் என்று சொல்ல வந்து பாதியில் விட்டுவிட்டாரா?

இரண்டே எழுத்து. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வேறு குரலில் கேட்கிறது.

ஜூன் 27, வெள்ளி

நீதிபதியிடம் காட்டினேன். போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

"மூணாவது கேள்விக்குக் கீழதானே வந்திருக்கு? அப்போ மூணாவதுக்குத்தான் பதில்."

"அங்க சிக்னல் கிடைக்கிறப்பதான் எல்லாம் சேர்ந்து போகும்டி. எதை முதல்ல பார்த்தாரோ."

"அப்போ திரும்பக் கேளு, எதை விடன்னு."

தட்டினேன். "எதைப்பா விடச் சொன்னீங்க?" அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அனுப்பினால் ஒரு பதில் வரும். அது நான் விரும்பாத பதிலாக இருந்தால்? அழித்துவிட்டேன்.

நீதிபதி பெருமூச்சு விட்டாள். "ஒரு வார்த்தைக்கு நாலு அர்த்தம் வச்சா நான் எப்படி ஆட்டம் நடத்துறது? இனிமே டார்பிடோவை யாரும் விடக் கூடாது. ஏவணும். புது விதி, எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா விழித்திருந்தாள். அவளிடமும் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். என் மூன்று கேள்விகளையும் சேர்த்துத்தான்.

"உங்கப்பா 'விடு'ன்னா பேச்சை நிறுத்துன்னு அர்த்தம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்கறேன். எனக்குத் தெரியாதா?"

ஆனால் போனை உடனே திருப்பித் தரவில்லை. இரண்டாவது கேள்வியில் அவள் கட்டைவிரல் இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

காய்ந்த துணியை எடுத்துவந்து மேசைமேல் போட வந்த அம்மா, வரைபடத் தாளைப் பார்த்து நின்றாள். இத்தனை மாதமாக அந்தத் தாளைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் துணியைப் போடுவாள். இன்று தாளை எடுக்கவில்லை. துணியை நாற்காலியில் போட்டாள்.

"இதுல எது நீ?"

காட்டினேன்.

"இந்தச் சின்னப் புள்ளி?"

"அது நான் ஏவின டார்பிடோம்மா. மெதுவாப் போகுது."

"எதுக்கு மெதுவா? வேகமாப் போனா சட்டுனு முடியுமே. உங்கப்பா அப்படித்தானே பண்றார்?"

நான் சொன்னேன். வேகமாகப் போனால் எரிபொருள் எடுத்த எடுப்பிலேயே தீர்ந்துவிடும், அப்புறம் திருப்ப முடியாது என்று. எதிராளி விலகிவிட்டால் அது பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

"எதுவரைக்கும்?"

"தடுக்க அங்க ஒண்ணும் இல்லையேம்மா. போய்க்கிட்டே இருக்கும்."

"திரும்பக் கூப்பிட முடியாதா?"

"மெதுவாப் போறதை முடியும். கைல மிச்சம் இருக்கும். வேகமாப் போனதை முடியாது."

அம்மா ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அப்போ வேகமா விட்டவ என்னதான் பண்றது?" என்று கேட்டாள்.

 விதியில் அப்படி ஒன்று இல்லை. யோசித்து, "இன்னொண்ணு விடணும்மா," என்றேன். "முதல்ல விட்டதை ஒண்ணும் செய்ய முடியாது. இன்னொண்ணு இருந்தா விடலாம்."

"ம்" என்றாள்.

மாலை அவள் வேலைக்குக் கிளம்பும்முன் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை வாயருகே வைத்துப் பேசினாள். நிறுத்தினாள். பேசினாள். அழித்துவிட்டுத் திரும்பப் பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கேட்கவில்லை. ஜன்னல் கொக்கி கழன்றிருந்தாலும் கேட்கவில்லை. எழுந்து போய்க் காதை வைத்திருக்கலாம். போகவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மழை. காய்ச்சல் மாதிரி இருக்கிறது. காய்ச்சல் இல்லை. அசதிதான்.

ஜூலை 4, வெள்ளி

அப்பா கூப்பிட்டார். அம்மாவின் போனுக்கு!

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அடுப்பில் எதுவும் இல்லாத நேரம். வெகுநேரம் பேசினார்கள். என் காதில் விழுந்தது கொஞ்சம்தான். "ஆமாங்க." "இல்லைங்க, நான் அப்படிச் சொல்ல வரலை." "எனக்கும்தான்." ஒரு முறை சிரித்தாள். சிரிப்பா இருமலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கடைசியில் வந்து போனை என் கையில் கொடுத்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"கமாண்டர்," என்றார் அப்பா. குரல் தேய்ந்திருந்தது. இரைச்சல் இல்லை. எங்கோ உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பா. அன்னைக்கு 'விடு'ன்னீங்களே. எதை?"

"என்னைக்கு?" நிஜமாகவே நினைவில்லை. நான் மூன்று கேள்விகளையும் சொன்னேன். 

"அன்னைக்கு ரெண்டு ஆள் வேலை ஒரே ஆளா பார்த்தேன்டா. பம்புக்கு அடியில படுத்துக்கிட்டே உன் மெசேஜைப் பார்த்தேன். ரொம்ப அசந்துட்டேன். எதையாவது ஒண்ணை விட்டாப் போதும்னு இருந்துச்சு. எதுன்னு யோசிச்சு எழுதலை."

நான் எட்டு நாள் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டேன். ஆனால் கோபம் வரவில்லை. எனக்கும் பல நாள் அப்படித்தான் இருக்கிறது. இதுவரை அதற்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை, அவர் சொல்லிவிட்டார்.

பிறகு கேட்டேன். நேராக, எல்லாத் துளியையும் எரித்து. "வந்துடுங்கப்பா."

ஜோக் அடிக்கவில்லை.

"அங்க வந்தா எனக்கு என்ன வேலை கிடைக்கும்னு தெரியலை. கொஞ்ச நாள் சும்மா இருக்கணும். உங்கம்மாவுக்கு இன்னும் கஷ்டம். பத்தாம் தேதி வரைக்கும் டைம் இருக்குல்ல. யோசிக்கிறேன்."

யோசித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று சொன்னவர் அவர்தான். ஞாபகப்படுத்தவில்லை.

ஜூலை 5, சனி

நீதிபதி கத்திக்கொண்டே மாடி ஏறி வந்தாள். "நகர்வு வந்துடுச்சு! எங்கம்மா பல்லுகூட விளக்கலை, போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க!"

ஆட்டம் ஓடுகிறது. என் புள்ளி இரண்டு கட்டம் நகர்ந்தது.

ஜூலை 8, செவ்வாய்

கிட்டே போய்விட்டது. இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது, அவருக்குத் தெரியாது. என் கையில் எட்டுத் துளி. நாளை மூன்றை எரிக்க வேண்டும், மறுநாள் மூன்று. ஒரே நகர்வில் வேகத்துக்கு அதற்குமேல் எரிக்க விதி இல்லை. அப்படியானால் எட்டு வேகம், அறுபத்து நான்கு பலம். தலைமைக் கப்பல் காலி.

அவர் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். இருப்பார். எப்போதும் இருந்திருக்கிறார்.

ஜூலை 9, புதன்

எரித்தேன். சுடர் தெரிந்துவிட்டது. ஆனால் அதே நகர்வில் அப்பா தலைமைக் கப்பலை ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்த்தியிருக்கிறார். என்னைப் பார்த்து அல்ல. நான் எரிப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஏன் நகர்த்தினீர்கள் என்று கேட்டதற்குக் குரல்செய்தி வந்தது.

"தெரியலை கமாண்டர். ரொம்ப நாளா ஒரே இடத்துல இருக்கோமேன்னு தோணுச்சு. காலை மாத்தி வச்சேன், அவ்ளோதான். அதுக்குள்ள இவ்ளோ பக்கத்துல என்னத்தை வச்சிருக்கே நீ!"

உண்மையிலேயே பயந்த குரல். கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 10, வியாழன்

திருப்பினேன். ஐந்து வேகத்தில் திரும்ப இரண்டரைத் துளி. அரையை முழுதாகக் கொள் என்று விதி, மூன்று போயிற்று. மிச்சம் இருந்த இரண்டையும் எரித்தேன். ஏழு வேகம். என் டார்பிடோவைச் சுடும் அப்பாவின் பீரங்கிக்காகப் பகடை உருட்டினாள் நீதிபதி. தவறியது. நேராக மோதியது.

நாற்பத்தொன்பது.

ஐம்பதுக்கு ஒன்று குறைவு. நீதிபதி மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். எனக்காக. கப்பல் உடைந்து தொங்குகிறது, ஆனால் இருக்கிறது.

இன்றுதான் அவர் அங்கே பதில் சொல்ல வேண்டிய நாள். போன் வரவில்லை. நானும் அம்மாவும் ஆளுக்கொரு அறையில் தூங்குகிற மாதிரி படுத்திருந்தோம்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்தாள். அவளுடைய புடவைகளைக் கீழே அடுக்கினாள். குனிந்து எடுக்க அவளுக்கு முதுகு வலிக்கும், நடுத்தட்டுதான் வசதி. நான் ஒன்றும் கேட்காமல் தூசி துடைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

மாதத் தேர்வு. இயற்பியலில் மோதல் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி. இரண்டு பக்கம் எழுதினேன். டீச்சர் தாளை வாங்கும்போது, "கேள்விக்கு மட்டும் எழுதும்மா" என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

பள்ளி விட்டு, நான்கு மாடி ஏறி, கதவைத் தட்டினேன். சாவி பையில்தான் இருந்தது. ஆனாலும் தட்டினேன். அம்மா திறந்து உதட்டில் விரலை வைத்தாள்.

கூடத்தில், கையெழுத்துப் போடாமல் ஞாயிறன்று வந்து சேர்ந்த அப்பா ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். காதுக்குப் பின்னால் நரை, போட்டோவில் அது தெரியவில்லை. காலையில் இரண்டு இடத்தில் வேலை கேட்டுப் போய்விட்டு வந்தாராம். ஒன்றில் ஆள் வேண்டாம் என்றார்கள், மற்றொன்றில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். வந்து தன் தாளை விரித்து நகர்வை யோசித்துக்கொண்டே அப்படியே சாய்ந்துவிட்டார் என்று அம்மா கிசுகிசுத்தாள். தலைக்குப் பக்கத்தில் வரைபடத் தாள். அது பறக்காமல் இருக்க ஒரு மூலையில் அம்மா டம்ளரை வைத்திருந்தாள்.

நீதிபதி என் பின்னாலேயே வந்து நின்றாள். "இன்னிக்கும் நகர்வு இல்லையா? கடல் தாண்டி இருந்தப்பவாவது நாளைக்கு ஒண்ணு வந்துச்சு!"

"மெதுவாப் பேசுங்கடி ரெண்டு பேரும்," என்றாள் அம்மா. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, சுவரில் சாய்ந்து அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். வேலைக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நீதிபதியைப் படிவரை கொண்டுபோய் விட்டுவந்து, பையை இறக்கிவைத்து, நகர்வு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று டம்ளருக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். என் முறை நேற்றே முடிந்துவிட்டது. இனி அவர்தான் நகர்த்த வேண்டும்.

தூங்கி எழட்டும்.